பிளேஸ்டேஷன் 2 கொன்ட்ரோலரை விண்டோஸ் 11 லப்டொப் எடுக்குது, கேம் எடுக்கேல்லை

பாலைப்பழம் (கிளிநொச்சி):
ஒரிஜினல் பிளேஸ்டேஷன் 2 கொன்ட்ரோலர், ரெண்டு சொக்கட் உள்ள யூஎஸ்பி அடாப்டர். லப்டொப்பில டைப்-சி மட்டும்தான், அதால நடுவில ஒரு ஹப். குத்தினவுடன சத்தம் வருது. ஆனா புதுக் கார் கேம் கொன்ட்ரோலர் இருக்கிறதாவே காட்டேல்லை. பழைய ஃபுட்போல் கேம் எடுக்குது, அதிலயும் வலது ஸ்டிக் குழப்பம். போதாக்குறைக்கு எக்ஸ் பட்டன் தன்பாட்டில அமருது. அடாப்டர் பிழையோ? மாத்திறதெண்டா வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறவேணும், அதுதான் முதலே கேக்கிறன்.

கனகராயன்:
பஸ் ஏறாதேங்கோ. பழைய கேம் எடுக்குதெண்டா அடாப்டரும் ஹப்பும் வேலை செய்யுது.

முதல்ல விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அமத்தி, வாற பெட்டியில ஜொய் டொட் சிபிஎல் (joy.cpl) எண்டு ஆங்கிலத்தில அடியுங்கோ, கொன்ட்ரோலர் பட்டியல் வரும். ரெண்டு சொக்கட் அடாப்டர் எண்டபடியால் ஒரு கொன்ட்ரோலர் குத்தினாலும் ரெண்டு பேர் காட்டலாம். முதலாம் சொக்கட்டிலயே குத்துங்கோ, நிறையக் கேம் முதல் பேரை மட்டும்தான் பாக்கும். கொன்ட்ரோலர் நடுவில இருக்கிற அனலொக் பட்டனை அமத்திச் சிவப்பு லைட் எரியவேணும். எரியாட்டி ஸ்டிக் ரெண்டும் சும்மாதான் கிடக்கும்.

இனி உண்மையான காரணம். உங்கட அடாப்டர் பேசிறது டைரக்ட்இன்புட், கொன்ட்ரோலர் கேமோட பேசிற பழைய முறை. 2005இல எக்ஸ்பொக்ஸ் 360 ஓட எக்ஸ்இன்புட் எண்ட புது முறை வந்தது, அதுக்குப் பிறகு வந்த கனக்கக் கேம் அதை மட்டும்தான் கேக்கும். விண்டோஸ் காணும், கேம் காணாது. வலது ஸ்டிக் குழப்பமும் இதே வழிதான்: அடாப்டர் அதை இசட் அச்சு, இசட் சுழற்சி எண்டு அனுப்பும். எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரில இசட் எண்டா ட்ரிகர், கார் கேமில வேகமும் பிரேக்கும் குடுக்கிற பின்பக்க விசை. கேம் அப்பிடி நினைச்சால் ஸ்டிக்கை ஆட்டக் கார் ஓடும்.

லேசான வழி ஸ்டீம், கேம் வாங்கித் திறக்கிற மென்பொருள். செட்டிங்ஸ், கொன்ட்ரோலர் பகுதியில ஜெனெரிக் கொன்ட்ரோலருக்கு ஸ்டீம் இன்புட்டைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பட்டனா அது கேக்கிறபடி அமத்துங்கோ. ஸ்டீமில வாங்காத கேமையும் லைப்ரரியில சேர்த்து அங்கயிருந்து திறந்தாச் சரி. ஸ்டீம் வேண்டாமெண்டா எக்ஸ்360சிஇ (x360ce) எண்ட மென்பொருள். அதின்ர 4ஆம் பதிப்பு ஒரு பொய் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரை உருவாக்கும், டிரைவர் ஒருக்கா இன்ஸ்டோல் செய்யவேணும். ஒன்லைன் போட்டிக் கேமில இதைப் பாவிக்காதேங்கோ, கள்ள விளையாட்டைத் தேடுற ஆன்டி-சீட் பிடிச்சால் அக்கவுண்ட் போயிடும்.

முறிகண்டிக் கச்சான்:
எக்ஸ் பட்டன் கதை வேற, அது சொஃப்ட்வெயரில தீராது. இந்தக் கொன்ட்ரோலரில பட்டன்களுக்குக் கீழ கரிப் புள்ளி அச்சடிச்ச மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். அந்தத் தாளின்ர வால் போர்ட்டில முட்டிக்கொண்டு நிக்கும். சில மொடலில அதை அமத்திப் பிடிக்கிறது ஒரு துண்டு ஸ்பொஞ்சுதான். எங்கட வெக்கைக்கும் வயசுக்கும் அது சப்பளிஞ்சு போகும், தொடுப்பு விட்டு விட்டு வரும், அமத்தாத பட்டனெல்லாம் அமரும்.

பின்பக்க ஸ்குரூ முழுக்கக் கழட்டி, மேற்பக்கம் கீழ இருக்கத் திறவுங்கோ, இல்லாட்டி பட்டன் கொட்டும். தாளின்ர வாலையும் போர்ட்டையும் ஃபார்மசி ஸ்பிரிட் தொட்ட கொட்டன் பட்ஸால மெல்லத் துடையுங்கோ. உரஞ்சினா கரி வந்திடும், பிறகு ஒண்டும் செய்யேலாது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில தண்ணி இருக்கு, நல்லாக் காயவிடவேணும், மாரியில எண்டா ஒரு நாள் முழுக்க. ஸ்பொஞ்சுக்குக் கீழ மடிச்ச டேப் ரெண்டு மூண்டு அடுக்கு வையுங்கோ. கூட வைச்சால் மூடி பூட்டாது. மூடேக்க அதிர்வு மோட்டர் வயர் ஸ்குரூத் தூணுக்கை நசியாமப் பாருங்கோ, அப்பிடி அறுத்த ஆக்கள்தான் கூட.

பாலைப்பழம்:
டேப் வைச்சன், எக்ஸ் நிண்டுட்டுது. எக்ஸ்360சிஇ போட்டுக் கார் கேமும் எடுக்குது. இப்ப மெனுவில ஒருக்கா அமத்த ரெண்டு வரி தாண்டுது. இடது ஸ்டிக்கை விட்டாலும் கார் மெல்ல இடப்பக்கம் இழுக்குது. ஆக்ஸிலரேட்டர் முழுசா இல்லாட்டி ஒண்டுமில்லை.

கனகராயன்:
ரெண்டு வரி தாண்டுறது, கேம் அசல் கொன்ட்ரோலரையும் பொய்க் கொன்ட்ரோலரையும் சேர்த்துப் பாக்கிறதால. ஹிட்ஹைட் (HidHide) எண்டொரு இலவச மென்பொருள் இருக்கு. அதில அடாப்டரை மறைச்சு, எக்ஸ்360சிஇக்கு மட்டும் அனுமதி குடுங்கோ. அனுமதி குடுக்க மறந்தால் அதுவும் கொன்ட்ரோலரைக் காணாது.

இழுக்கிறதுக்கு எக்ஸ்360சிஇயில டெட்சோனை (ஸ்டிக்கின்ர சின்ன அசைவைக் கணக்கெடுக்காத அளவு) 10 வீதத்தில தொடங்கி, கார் நேர ஓடுமட்டும் கூட்டுங்கோ. 20க்கு மேல வேணுமெண்டா ஸ்டிக்குக்குக் கீழ இருந்து அதின்ர அசைவை அளக்கிற பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சிட்டுது, அல்லது செம்மண் தூசி போயிருக்கு.

ஆக்ஸிலரேட்டருக்கு, இந்த அடாப்டர்கள் ஆர்2வை (வலது பின்பக்க விசை) வெறும் பட்டனாத்தான் அனுப்பும், அரைவாசி அமத்தல் எண்ட கதையே இல்லை. வலது ஸ்டிக்கின்ர மேல் பாதியை வலது ட்ரிகருக்கும் கீழ்ப் பாதியை இடது ட்ரிகருக்கும் மாத்திவிடுங்கோ. மேல தள்ள வேகம், கீழ இழுக்கப் பிரேக்.