பசங்க கெட்டுப் போறது ரத்தத்தாலயா, சேர்க்கையாலயா?

கொளத்தூர்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் பத்தாவது படிக்கிறான். போன வாரம் துணி ஊறப் போடறப்ப பேன்ட் பாக்கெட்ல மாவா (அந்தப் புகையிலைப் பாக்குக் கலவை) இருந்துச்சு, சின்ன பிளாஸ்டிக் கவர்ல பாதி காலி பண்ணது, வீட்டுக்காரம்மா பாத்ரூம் வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க. டியூஷன் 8 மணிக்கு முடியுது, இவன் வர்றது ஒன்பதரை. கேட்டா "பசங்களோட பேசினு இருந்தேன்"னு ஒரே பதில். எங்க அம்மா "உன் தம்பி ரத்தம் அப்படியே இறங்கியிருக்குடா"ங்கறாங்க, தம்பி அந்தக் காலத்துல ஸ்கூலுக்கு மட்டம் போட்டு அடிதடி கேஸ் வரைக்கும் போனவன். மனைவி சொல்றது அந்த மூணு பசங்க சேர்க்கைதான் காரணம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல போட்டா சரியாயிடுவான்னு. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டினு முழிக்கிறேன். படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

லேப்கோட்டு:
சார், பாட்டி சொல்றதை சிரிச்சுட்டுத் தள்ளிட முடியாது. 2015-ல, அதுக்கு முந்தின ஐம்பது வருஷத்துல இரட்டையர்களை வெச்சு நடந்த ஆராய்ச்சிகளை மொத்தமா கூட்டிப் பார்த்தாங்க, ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல ஜோடிக் கணக்கு (ஒரே ஜோடி பல ஆராய்ச்சில வந்திருக்கும், அது வேற), எல்லாக் குணத்துக்கும் சேர்த்து சராசரியா 49 சதவீதம் ஜீன் பக்கம் வந்துச்சு. அச்சு அசலா இருக்கற இரட்டையருக்கு ஜீன் கிட்டத்தட்ட முழுசா ஒண்ணு, மத்த இரட்டையருக்கு பாதிதான், அதனால முதல் வகை ஜோடி ரெண்டும் ஒரே மாதிரி சேட்டை பண்ணி ரெண்டாவது வகை அவ்ளோ ஒத்துப் போகலன்னா ஜீனுக்கு வேலை இருக்குன்னு அர்த்தம். அடிதடி, ரூல் மீறல் எல்லாம் கூட கிட்டத்தட்ட அந்தப் பாதிக்குப் பக்கத்துலதான் நிக்குது.

29சி_டீச்சர்:
அந்த 49-ஐ இப்படி விட்டுட்டுப் போகாதீங்க ப்ரோ, அவர் தன் பையன்ல பாதி கெட்டதுன்னு எடுத்துப்பார். அது ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசத்தைப் பத்தின கணக்கு, தனி ஒருத்தனைப் பிளந்து இது ஜீன் இது சேர்க்கைன்னு காட்டாது.

நான் தினம் 29சி பஸ்ல போய் வர்றவ. எங்க ஸ்கூல் பையன் ஒருத்தன், தனியா ஏறினான்னா நேரா உள்ள வந்து பாஸைக் காட்டிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்குவான். அதே பையன் நாலு பேரோட ஏறினா உள்ள பத்து சீட் காலியா இருந்தாலும் ஃபுட்போர்டுதான், ஒரு கால் வெளிய, பஸ் தகரத்துல தாளம், கண்டக்டர் விசில் அடிச்சு விசில் அடிச்சு ஓய்ஞ்சு போயிடுவார். ஸ்டாப்புக்கு ஸ்டாப் அவன் ஜீனா மாறுது? 2005-ல அமெரிக்காவுல இதையே கார் கேம் வெச்சு டெஸ்ட் பண்ணாங்க, சிக்னல் மஞ்சள் ஆனதும் எப்ப பிரேக் போடறாங்கன்னு பார்க்கறது. ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல இருந்தப்ப 13லேர்ந்து 16 வயசுப் பசங்க எடுத்த ரிஸ்க் ரெண்டு மடங்கு ஆச்சு, 24க்கு மேல இருந்தவங்களுக்கு ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

சும்மா_வந்தேன்:
பெல்ட்டைக் கழட்டுங்க சார், ஜீனும் ஓடும் சேர்க்கையும் ஓடும். எங்கப்பா அப்படித்தான் என்னை வளர்த்தார் 😎

வடசென்னை_வாய்ஸ்:
ரத்தம்னு பேசற எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கப்பா. நாங்க வியாசர்பாடி. ஏரியா பேரைச் சொன்னாலே வேலை குடுக்கறவன் மூஞ்சி மாறும், வண்டியை ஓரம் கட்டச் சொல்ற போலீஸ் பேசற தினுசும் மாறும், இப்ப அதுக்கு சயின்ஸ் சர்டிபிகேட் வேற குடுக்கறீங்களா. அது இருந்தா ஆள் அடிதடிக்காரன் ஆவான்னு "போர்வீரன் ஜீன்"னு ஒண்ணைக் கிளப்பிவிட்டாங்களே, 2009-ல இத்தாலி கோர்ட் ஒரு கொலைக் கேஸ்ல அதை ஒரு காரணமா எடுத்துனு ஒரு வருஷம் தண்டனையைக் குறைச்சுது. இன்னிக்கு குறைக்கறதுக்குப் பயன்படுது, நாளைக்கு "பிறவியிலயே இப்படி, வெளிய விடாதீங்க"ன்னு கூட்டறதுக்கும் அதே பேப்பரைத்தான் நீட்டுவாங்க.

லேப்கோட்டு:
தல, ஒரு ஜீனைக் காட்டி இவன் ரவுடின்னு சொல்றது அபத்தம்தான், அதுல உங்க கூட சண்டையே இல்ல. ஆயிரக்கணக்கான ஜீன் ஒவ்வொண்ணும் துளித்துளியா தள்ளுது, அவ்ளோதான். அந்தப் போர்வீரன் கதையில அதிகம் அடிபடறது 2002-ல வந்த நியூசிலாந்து ஆராய்ச்சி, டுனெடின் ஊர்ல 1972-73-ல பிறந்தவங்களை குழந்தையிலேர்ந்து தொடர்ந்து பார்த்துட்டு வர்றாங்க. அதுல எம்ஏஓஏங்கற ஜீன் மெதுவா வேலை செய்யற வகை இருந்தும், சின்ன வயசுல அடி உதை கொடுமை அனுபவிக்காத ஆம்பளைங்க மத்தவங்களை விட மோசமா ஒண்ணும் போயிடல. ரெண்டும் சேர்ந்தவங்கதான் மாட்டினாங்க. பின்னாடி இந்த மாதிரி ஒத்தை ஜீன் முடிவுகள் பல ஆட்டம் கண்டுச்சு, அதனால அதையும் கல்வெட்டுல வெட்ட வேணாம். பெல்ட் சார், அந்த அடி உதை வரி உங்களுக்காகத்தான்.

ஆனா டீச்சர் மேடம் ஒண்ணை விட்டுட்டீங்க. அந்த நாலு பேரை அவனுக்கு யார் புடிச்சுக் குடுத்தது? கொளத்தூர் சார் பையனையே எடுங்க, கிளாஸ்ல 45 பேர் இருப்பான், அதுல மாவா போடற மூணு பேர்கிட்ட மட்டும் போய் ஒட்டறான்னா அவனுக்குள்ள இருக்கற ஏதோ ஒரு அவசரம், சும்மா இருக்க முடியாத தன்மை அங்க இழுக்குது, அதுல ஜீனுக்குப் பங்கு இருக்கு. 1978-லயே நியூயார்க் மாநில ஸ்கூல் பசங்களை வருஷ ஆரம்பத்துலயும் முடிவுலயும் பார்த்து, கஞ்சா அடிக்கறவன் அடிக்கறவனைத் தேடிப் போறதும், கூட இருக்கறவனைப் பார்த்து பழகறதும் ஏறக்குறைய சம அளவுல நடக்குதுன்னு காட்டிட்டாங்க. அதனால மூணு பேரை வெட்டிவிட்டா போதும்னு கொளத்தூர் சார் வீட்டம்மா நெனைச்சா, புது ஊர்ல புது மூணு பேரைப் புடிப்பான்.

29சி_டீச்சர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஆனா நீங்க ஜீன் பேர்ல பில் போட்டுட்டீங்க 🙂 கொளத்தூர் சார், ஹாஸ்டல் விஷயத்துக்கு வர்றேன். பாஸ்டன் பக்கத்துல 1939-ல 506 பசங்களை வெச்சு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, பாதிப் பேருக்கு வீடு தேடி ஆலோசகர், டியூஷன், வைத்தியம், பாதிப் பேருக்கு ஒண்ணும் கிடையாது. நாற்பது ஐம்பது வயசுல போய்ப் பார்த்தா உதவி கிடைச்ச கூட்டம்தான் அதிகம் கெட்டிருந்துச்சு! தோண்டிப் பார்த்ததுல சேதாரம் முக்கியமா யார்கிட்டன்னா, சம்மர் கேம்ப்புக்கு ஒரு தடவைக்கு மேல அனுப்பின பசங்ககிட்ட. வம்பு பண்றவனை எல்லாம் ஒரே கூரைக்கு அடியில போட்டா ஒருத்தன் அடிச்ச கூத்தைச் சொல்வான், மத்தவன் சிரிப்பான், அந்த சிரிப்புதான் அவனுக்கு பரிசு. "திருத்தித் தர்றோம்"னு போர்டு மாட்டின ஹாஸ்டல்ல யாரு யாரு வந்து சேருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

கொளத்தூர்_அப்பா:
இது எனக்குத் தெரியாது மேடம். அட்வான்ஸ் கட்ட இருந்தோம். ஒண்ணு சொல்லணும், அந்த தம்பி இப்ப ஒழுங்கா ஷேர் ஆட்டோ ஓட்டறான், ரெண்டு பொண்ணு, குடி கூட இல்ல. கூட இருந்தவன் ஒருத்தன் வெளிநாடு, ஒருத்தன் கல்யாணம் ஆகி திருவள்ளூர், செட்டு கலைஞ்சுது, இவனும் அடங்கிட்டான். அம்மா மட்டும் இன்னும் பழைய கேஸையே சொல்றாங்க.

வடசென்னை_வாய்ஸ்:
அப்ப ரத்தம் எங்க போச்சு? டிரைவிங் லைசன்ஸ் எடுத்ததும் இறங்கிடுச்சா 😂

லேப்கோட்டு:
எங்கயும் போகல, பெரும்பாலான பசங்க அப்படித்தான். மோஃபிட்னு ஒரு உளவியல் அறிஞர் (அந்த டுனெடின் ஆராய்ச்சி பண்றவங்கள்ல ஒருத்தங்க) 1993-லயே ரெண்டு வகையாப் பிரிச்சாங்க. நாலு அஞ்சு வயசுலயே கடிச்சு உதைச்சு வளர்ந்து பெரிய ஆளாகியும் விடாதவங்க ஒரு சின்னக் கூட்டம், பதின்ம வயசுல மட்டும் ஆடிட்டு இருபதுகள்ல அடங்கறவங்கதான் அதிகம். ஜீன் பங்கு முதல் கூட்டத்துல கனமா இருக்கும், ரெண்டாவதுல சேர்க்கை. சார், பையன் எல்கேஜி-லயே இப்படியா?

கொளத்தூர்_அப்பா:
இல்லங்க. எட்டாவது வரைக்கும் டீச்சருங்க தங்கம்னு சொல்வாங்க.

சும்மா_வந்தேன்:
அப்ப தம்பியையே கூட்டி வந்து கேஸ் கதையைச் சொல்லி பயம் காட்டுங்க. லாக்கப் எப்படி இருக்கும்னு கேட்டா நடுங்கிடுவான்.

29சி_டீச்சர்:
வேணாம். அமெரிக்காவுல பசங்களை ஜெயிலுக்கே கூட்டிட்டுப் போய் கைதிங்களை விட்டு மிரட்டினாங்க, கணக்கெடுத்துப் பார்த்தா அப்படிப் போய் வந்த பசங்கதான் அதிகம் குற்றம் பண்ணியிருந்தாங்க.

லேப்கோட்டு:
மிரட்ட வேணாம், சித்தப்பாவை விட்டு அவனை ஆட்டோல ஸ்டாண்டு ஸ்டாண்டா கூட்டிட்டுச் சுத்தச் சொல்லுங்க. 8லேர்ந்து ஒன்பதரை வரைக்கும் பெரியவங்க யாரும் இல்லாத அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் நிரப்பினா போதும்.

கொளத்தூர்_அப்பா:
ஃபோன்ல லொகேஷன் ஷேரிங் போட்டு வெச்சிருக்கேன்.

வடசென்னை_வாய்ஸ்:
ஃபோனை டியூஷன் கீழ இருக்கற ஜெராக்ஸ் கடையில வெச்சுட்டுப் போவான் சார். நாங்க அப்படித்தான் போனோம்.

29சி_டீச்சர்:
2000-ல ஸ்வீடன்ல வந்த ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்லுது சார், பசங்களைப் பத்தி அப்பா அம்மாவுக்குத் தெரிஞ்சதுல பெரும்பகுதி வேவு பார்த்துத் தெரிஞ்சது இல்ல, பசங்க தானா வந்து சொன்னது. அந்த மூணு பேர் பேராவது உங்களுக்குத் தெரியுமா?

கொளத்தூர்_அப்பா:
ஒருத்தன் பேர் தெரியும். மீதி ரெண்டு பேரை நாளைக்கு அவன்கிட்டயே கேக்கறேன், அவங்க அம்மா இல்லாதப்ப.