பாலா தேவியின் ஆட்டக் கணக்கு: ஸ்கோர்கார்டு யாரிடமாவது உண்டா?

இந்தியக் கால்பந்து வீராங்கனை ஙங்கோம் பாலா தேவியின் கிளப் ஆட்டங்களையும் கோல்களையும் ஆண்டுவாரியாகத் தொகுக்கிறோம். 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்து கிளப் ரேஞ்சர்ஸுடன் 18 மாத ஒப்பந்தம், அதே ஆண்டு டிசம்பரில் மதர்வெல் அணிக்கு எதிராக முதல் கோல்: இவை சரி. ஆனால் 2020 ஸ்காட்லாந்து சீசன் கொரோனாவால் ரத்தானது. அதன் ஆட்டங்களை 2020-21 சீசனோடு கூட்டினால் கணக்கு பிசகும்.

பெரிய சிக்கல் அவர் மணிப்பூர் போலீஸ் அணிக்கு ஆடிய காலம்தான். இந்திய மகளிர் லீக், மாநில லீக், தேசியப் போட்டி கோல்களை ஒரே எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். நட்பு ஆட்டங்கள் வேறு நுழைந்துவிடும்!

மாலத்தீவின் நியூ ரேடியண்ட் கிளப்புக்கு அவர் ஆடிய ஆட்டங்களுக்கும் ஸ்கோர்கார்டு வேண்டும். தேதி, எதிரணி, கோல் அடித்த நிமிடம், மாற்று வீராங்கனையாக இறங்கினாரா என்பது தெரிந்தால் போதும். செய்தித்தாள் நறுக்கு என்றால் நாள் தெரியும்படி படமெடுத்து அனுப்புங்கள். மொத்த எண் மட்டும் வேண்டாம்.