பணியாளர்களின் சொந்தக் கைபேசியில் அலுவலக வேலை: ஆலோசனை தேவை

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். விற்பனைப் பணியாளர்கள் புது டிசைன்களைத் தங்கள் சொந்தக் கைபேசியிலேயே படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆர்டர் பெறுவதால், ஒருவர் வேலையை விட்டு விலகும்போது வாடிக்கையாளர் எண்களும் எடை, செய்கூலி விவரங்களும் அவரோடு போய்விடுகின்றன. எல்லோருக்கும் புதுக் கைபேசி வாங்கித் தருவது கட்டுப்படியாகாது.

ஆண்ட்ராய்டின் 'வொர்க் புரொஃபைல்' வசதி, அலுவலகச் செயலிகளைச் சிறு பெட்டிக் குறியுடன் தனியே பிரித்து, தேவைப்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் அழிக்க உதவுகிறது என்றாலும், குடும்பப் படங்களை நாங்கள் பார்த்துவிடுவோமோ என்று பணியாளர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே.

சிறு நிறுவனத்தில் இதை நடைமுறைப்படுத்தியவர்கள், இந்த அலுவலகப் பகுதியை நிர்வகிக்க எந்த மென்பொருள் பொருத்தமானது, ஐபோன் வைத்திருப்பவருக்கு என்ன வழி, பணியாளர்களிடம் வாங்கும் எழுத்துப்பூர்வ ஒப்புதலில் எவற்றைச் சேர்க்க வேண்டும் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். டேட்டா செலவுக்கு மாதந்தோறும் படி தருகிறீர்களா என்பதையும் குறிப்பிடுங்கள்.