லெகோ விண்கலம் செட் கட்டி முடிச்சு கையில தூக்கிப் பார்த்த அனுபவம் இருக்கா? எழுதுங்க

லேத்மகன்:
லெகோ, அதான் பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திக் கட்டுற பொம்மை, அதுல கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் விண்கலம் (செட் நம்பர் 10497) கட்டுனவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால பெட்டியைப் பிரிச்ச கதை, பை நம்பர் கதை எல்லாம் விட்டுடறேன். 1979ல வந்த 928 செட்டை, லெகோவோட 90வது வருஷம்னு 2022ல பெருசாக்கி விட்டாங்களே அதேதான், பழசு 338 பீஸ், இது 1254. கட்டி முடிச்சு ஹால் டேபிள் மேல வெச்சிருந்தேன். அப்பா வந்தார். கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர், பொம்மைன்னா திரும்பிக்கூட பார்க்க மாட்டார். நேரா போயி, வயித்துப்பக்கம் கை கொடுக்காம, ஒரு இறக்கையோட ஓரத்தை மட்டும் ரெண்டு விரல்ல பிடிச்சு தூக்கினார். நான் "அப்பா அப்பா"ன்னு எழுந்துட்டேன். ஒண்ணும் ஆகல. இறக்கை வளையல, ஒரு பிளேட் (மெலிசான தட்டைத் துண்டு) கூட வாய் பிளக்கல.

அப்புறம் கப்பலைக் குப்புறக் கவுத்து கட்டைவிரல் நகத்தை அடிப்பக்கம் ஓட்டிக்கிட்டே போனார். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் நகம் நிக்குது, உடனே திருப்பி மேல் பக்கம் அதே இடத்தைப் பார்க்கிறார், அங்க ஜாயின்ட் இல்ல. "கொத்தனார் சுவர் எழுப்புற மாதிரி ஜாயின்ட்டை மாத்தி மாத்திப் போட்டிருக்கான்டா"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "இதுக்கு டிராயிங் போட்டவன் பேரு எங்கயாவது இருக்கா?"ன்னு கேட்டார். மூலக் கப்பலை டிசைன் பண்ணவர் யென்ஸ் நைகார்ட் க்னுட்சன், 1978ல வந்த மினிஃபிகர்ங்கிற குட்டி மனுஷ பொம்மையும் அவர் கைவண்ணம்தான், 2020ல இறந்துட்டார்னு சொன்னேன். அப்பா அந்தப் பேரை ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் வேலை செஞ்ச இடத்துல அவர் யோசிச்சு மாத்தின பாகம் ஒண்ணு இருந்தது, அதோட டிராயிங்ல வேற ஒருத்தர் பேருதான் இருந்துச்சு. அதை அன்னிக்கு அவர் சொல்லல, ஆனா அதைத்தான் நினைச்சார்னு எனக்குத் தெரியும். அதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

நம்ம எல்லாரும் பீஸ் எண்ணிக்கை, விலை, ஸ்டிக்கரா பிரிண்டான்னு ரிவ்யூ போடுறோம். விண்கலம்னா தூக்கணும். தூக்கினப்ப என்ன ஆச்சுன்னு எழுதுங்க.

ஸ்கார்பரோ_தம்பி:
அண்ணை, எனக்கு தூக்கினது இல்லை, ஒட்டினதுதான் ஞாபகம். லெகோவின்ர எம்-டிரோன் எண்ட விண்வெளி வரிசையில மெகா கோர் மேக்னடைசர், 6989, 1990ல வந்தது. பெரிய சில்லு வண்டி, கிரேன் நுனியில காந்தம். நாங்கள் கனடாவுக்கு வந்து கொஞ்சக் காலம், பேஸ்மென்ட்டில இருந்தம், மாமா யாரோ வேலை செய்யிற வீட்டில வேண்டாமெண்டு வைச்ச பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர். புத்தகம் இல்லை. பெட்டியில இருந்த படத்தைப் பார்த்தே நானும் அக்காவும் கட்டினனாங்கள். காந்தம் எதுக்கெண்டு ரெண்டு பேருக்கும் விளங்கேல்ல. அக்கா கிரேனை இறக்க, கீழ கிடந்த சின்னப் பெட்டி தானா எழும்பி டக்கெண்டு ஒட்டிச்சு. அக்கா கையை விட்டிட்டா. பெட்டி விழேல்ல. அந்தரத்தில தொங்கிக்கொண்டு ஆடுது. அந்த "டக்" சத்தம் இண்டைக்கும் காதில நிக்குது. பிறகு வந்த எத்தினையோ செட் கட்டிட்டன், விளையாட்டு அம்சம் எண்டு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பாங்கள், அந்த ஒரு காந்தத்துக்குக் கிட்டயும் வராது.

ஆறுசக்கரம்:
லேத்மகன் சார், அப்பா கதை அருமை, ஆனா ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். தூக்கிப் பார்க்கிறது மட்டும் அளவுகோல்னா தரையில ஓடுற வண்டி எல்லாம் என்ன பண்றது? நான் கட்டினது லெகோ டெக்னிக் வரிசைல (கியர், பின் வெச்சுக் கட்டுறது) வந்த பெர்சிவரன்ஸ், நாசாவோட செவ்வாய் வண்டி, 42158, 2023ல வந்தது, 1132 பீஸ். மூணு தடி புஸ்தகத்தை டைனிங் டேபிள்ல படி மாதிரி அடுக்கி இடது பக்கச் சக்கரத்தை மட்டும் மேல ஏத்தினேன். இடது முன் சக்கரம் ஏறுது, நடுச் சக்கரம் அதே நேரத்துல கீழ அழுந்தி நிக்குது, ஆறு சக்கரமும் எதையாவது ஒண்ணைத் தொட்டுக்கிட்டே இருக்கு, உடம்பு மட்டும் பாதி சாய்வுல நிதானமா நிக்குது. இடமும் வலமும் ஒரு குறுக்குக் கம்பியால சேர்ந்திருக்கு, ஒரு பக்கம் தூக்கினா மறுபக்கத்தை அது கீழ அழுத்தும், அதனால உடம்புக்கு வர்ற சாய்வு ரெண்டு பக்கத்துக்கும் சராசரி. ஸ்பிரிங்கே கிடையாது! 1997ல செவ்வாயில இறங்கின சோஜர்னர்ல இருந்து நாசா இதே ராக்கர் போகி ஏற்பாட்டைத்தான் வெச்சிருக்காங்க. காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சவன் நான், இதை போர்டுல படம் போட்டு ஒரு முழு பீரியட் நடத்தினாங்க, அன்னிக்கு விளங்காதது டைனிங் டேபிள்ல விளங்கிச்சு. சாப்பாடு ஆறிப்போச்சுன்னு வீட்டுல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, நான் புஸ்தகத்தை மாத்தி மாத்தி அடுக்குறேன்.

பழையசாம்பல்:
@ஆறுசக்கரம் அது நிஜ வண்டி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் இல்ல. 2021 பிப்ரவரில செவ்வாயில ஜெசேரோ பள்ளத்துல இறங்கி ஓடிக்கிட்டு இருக்கு. கற்பனை வண்டி வேணும்னா 2024ல வந்த டெக்னிக் மார்ஸ் க்ரூ எக்ஸ்ப்ளோரேஷன் ரோவர் 42180 கட்டுங்க, 1599 பீஸ், அதுவும் ஆறு சக்கரம்தான். நிஜத்துல இருக்கிறதை அப்படியே கொண்டு வர்றது ஒரு திறமை, இல்லாததை நம்ப வைக்கிறது வேற திறமை, ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்க.

என் கதை. ஒரிஜினல் 928 செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், ஜெர்மனில இருக்கிற ஃப்ரெண்டு மூலமா ஒரு பிஸ்கட் டின்ல வந்துச்சு. விண்வெளி வீரர் நாலு பேரும் இருந்தாங்க, ரெண்டு சிவப்பு ரெண்டு வெள்ளை. நாலு ஹெல்மெட்டும் தாடைகிட்ட விரிசல், அது அந்தக் காலத்து ஹெல்மெட்டுக்கு வழக்கம்தான், அந்த இடம் ரொம்ப மெலிசு, இப்ப வர்றதுல தடிப்பாக்கிட்டாங்க. ஆனா நெஞ்சுல இருக்கிற அந்தத் தங்கக் கலர் கோள் சின்னம் ஒண்ணுல மட்டும் அப்படியே பளபளன்னு இருக்கு. கழுவிட்டு நீல பிளேட்டுகளை டவல்ல பரப்பி ஒவ்வொண்ணா பார்க்கிறேன், ஓரத்துல எல்லாம் சின்னச் சின்ன பல் தடம். அப்ப பிரிக் செபரேட்டர்ங்கிற பிரிக்கிற கருவி கிடையாது, ஒட்டின பிளேட்டைப் பிரிக்க எல்லாப் பிள்ளைகளும் பல்லால கடிச்சதுதான். ஒரு பிளேட்ல மேல ரெண்டு பல், கீழ ஒரு பல், நடுவுல இடைவெளி. முன்பல் விழுந்த வயசு. அந்தப் பிள்ளைக்கு இப்ப அம்பதைத் தாண்டியிருக்கும். அந்த பிளேட்டை மாத்தச் சொல்லி ஃப்ரெண்டு சொன்னான், மாத்தல, இறக்கைல அதே இடத்துல வெச்சுட்டேன். மத்தபடி காணாமப் போன சாம்பல் பீஸுக்கு பழைய சாம்பல்தான் தேடணும், 2004 வாக்குல அந்த நிறத்தையே மாத்திட்டாங்க, புதுசுல லேசா நீலம் ஓடும், பக்கத்துல வெச்சா பளிச்சுனு தெரியும்.

பராமரிப்பு_பாலு:
எங்கிட்ட பழைய வெள்ளை ராக்கெட் ஒண்ணு ஜன்னல் ஓரம் இருந்து மஞ்சளாயிடுச்சு, அதைப் பார்த்து எங்க பாட்டி "இதுக்கும் வயசாயிடுச்சு போல"ன்னாங்க, அதான் எனக்கு மறக்காத அனுபவம். அதுல இருந்து கத்துக்கிட்டதைச் சொல்றேன், எல்லாருக்கும் உபயோகப்படும். முதல்ல, வெயில் நேரா விழுற இடத்துல எந்த செட்டையும் வைக்காதீங்க, நம்ம ஊர் மேற்கு ஜன்னல் வெயில் ஒரு கோடைக்கே போதும். தூசிக்கு மேக்கப் பிரஷ் அல்லது மெத்துன்னு இருக்கிற பெயின்ட் பிரஷ், ஈரத்துணி வேண்டாம், ஸ்டட் (மேல இருக்கிற குமிழ்) நடுவுல அழுக்கு சேறாகிடும். கழுவணும்னா பீஸ் பீஸா பிரிச்சு 40 டிகிரிக்கு மேல போகாத தண்ணில, பாத்திரம் கழுவுற சோப்பு துளி விட்டு ஊற வைங்க, ரொம்பச் சூடா போனா பிளாஸ்டிக் நெளியும், வாஷிங் மெஷின்ல போடவே கூடாது. டவல்ல பரப்பி ஃபேன் காத்துல காய விடுங்க, ஹேர் டிரையர் எடுக்காதீங்க. டெக்னிக் பின் ஓட்டைல தண்ணி நிக்கும், குலுக்கிட்டு வைங்க. மஞ்சளானதுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு, மெடிக்கல்ல கிடைக்கும், கையுறை போட்டுக்கிட்டு கண்ணாடி டப்பால பீஸ் மூழ்க ஊத்தி வெயில்ல வைங்க, பீஸ் மிதந்தா மேல ஏதாவது பாரம் வைங்க, அப்பப்ப கிளறி விடுங்க, குழந்தைங்க கைக்கு எட்டாத இடமா பார்த்துக்கோங்க. ஸ்டிக்கர் ஒட்டின பீஸைக் கழுவாதீங்க. வெச்சிருக்கிற அலமாரிக்கு கண்ணாடிக் கதவு போட்டா பாதி வேலை மிச்சம், அதுவும் கீழ ரப்பர் பட்டை ஒட்டிட்டீங்கன்னா இன்னும் நல்லது.

பழையசாம்பல்:
@பராமரிப்பு_பாலு பெராக்சைடு யோசனையை எல்லா பீஸுக்கும் சொல்லாதீங்க, ப்ளீஸ். பிரிண்ட் போட்ட பீஸையும் கேனபியையும் (ஓட்டுறவர் மேல மூடுற கண்ணாடி மாதிரி மூடி) நான் அதுல இறக்கவே மாட்டேன். நாப்பது வருஷத்து பிரிண்ட் ஒரு மதியத்துல போயிடுச்சுன்னா யார் திருப்பிக் கொடுப்பா? மஞ்சளானா மஞ்சளாவே இருக்கட்டும்.

ட்யூப்லைட்:
நான் சொல்லப்போறது வேற மாதிரி. ஒரிஜினல் வாங்க முடியாத வீடு எங்களோடது, இந்தியால பொம்மை இறக்குமதி வரி 2020ல 20ல இருந்து 60 சதவீதம், 2023ல 70. அதனால தம்பி பிறந்தநாளுக்கு ஒரு நகல் பிராண்ட் சந்திர வண்டி வாங்கினேன், பேர் வேண்டாம். எட்டுச் சக்கரம், முன்னாடி பெரிய கண்ணாடி கேனபி, படத்துல கண்ணைப் பறிக்கும். கட்டக் கட்ட பேஸ் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே வருது. நீளமான பிளேட் ஒண்ணை எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேரா, அளவுகோல் ஓரத்தோட சேர்த்துப் பிடிச்சேன், நடுவுல கீத்து மாதிரி வெளிச்சம் தெரியுது. பிளேட்டே வளைஞ்சிருக்கு. ஒரு பிளேட் 3.2 மில்லிமீட்டர், மூணு அடுக்கினா ஒரு பிரிக், அதாவது முழு உயரக் கட்டை, 9.6, இந்தக் கணக்கு ஒரு முடி அளவு தப்பினாலும் பத்து அடுக்கு போனப்புறம் கதவு மூடாது. மூடவும் இல்ல. தம்பி கேனபியை மூடி மூடிப் பார்க்கிறான், ஹிஞ்ச் (கீல்) பிடிக்கல, தொப்னு விழுது. அவன் ஒண்ணும் சொல்லல, வீரனை உள்ள உட்கார வெச்சு கேனபியை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டே வண்டியை ஓட்டினான். ரூம் முழுக்க, அந்த விரலை எடுக்காமயே.

நகல் எல்லாமே மோசம்னு நான் சொல்ல வரல, இப்ப சிலது நல்லாவே வருது. ஆனா ரிவ்யூ எழுதுறவங்க கேனபி மூடினா நிக்குதா, ஹிஞ்ச் எத்தனை கோணத்துல பிடிக்குதுன்னு எழுதுங்க, அந்த ஒரு வரி எழுதியிருந்தா நான் வேற வாங்கியிருப்பேன்.

லேத்மகன்:
@ட்யூப்லைட் படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணல. இனிமே என் ரிவ்யூல அந்த வரி கண்டிப்பா இருக்கும். @ஆறுசக்கரம் ஒத்துக்கிறேன், தரை வண்டிக்கு புஸ்தக அடுக்குதான் சரியான சோதனை.

மித்ரன்_அம்மா:
எங்க வீட்டுல கிரியேட்டர் ஸ்பேஸ் ரோவர் எக்ஸ்ப்ளோரர், 31107, 510 பீஸ், அதே பீஸ்களை வெச்சு ரோவர், பேஸ், பறக்கும் வண்டின்னு மூணு விதமா கட்டலாம். பையனுக்கு எட்டு வயசு. ரோவர் முடிச்சான், நான் போட்டோ எடுத்து எங்க அண்ணாவுக்கு அனுப்பி "கட்டிட்டான்"னு பெருமையா சொல்லிக்கிட்டிருக்கேன், திரும்பிப் பார்த்தா பாதி பிரிச்சுட்டான். எனக்கு நெஞ்சே பதறிடுச்சு, ஏன்டா கண்ணான்னு கேட்டா, "உள்ள பாத்ரூம் இல்லம்மா, அவங்க எவ்ளோ தூரம் போகணும்"ங்கிறான். ரொம்ப சீரியஸா கேட்டான். கேபின்ல இருந்து சீட்டை எடுத்து பின்னாடி தள்ளி, இடம் இருக்கான்னு பொம்மையை உட்கார வெச்சு உட்கார வெச்சுப் பார்க்கிறான். இறக்கை உறுதியா, பிளேட் வளையுதான்னு நீங்க எல்லாம் பேசுறீங்க, தப்பில்ல, ஆனா உள்ள போறவன் ஒரு மனுஷன்னு அவன் ஒருத்தன்தான் நினைச்சான்னு தோணுச்சு. இதுக்கு எப்படி பதில் சொல்றதுன்னு இன்னும் தெரியல, ஏன்னா இடம் பத்தல, ரெண்டு பேரும் தேடிட்டோம்.

ஆறுசக்கரம்:
@மித்ரன்_அம்மா கேபினை அகலமாக்க வேண்டாம், நீளத்துல போங்க. சக்கரத்துக்கு நடுவுல பின்பக்கம் ரெண்டு ஸ்டட் நீளம் சேர்த்தா போதும். ஒரு வெள்ளை 2x2 பிரிக், மேல ஒரு வட்ட டைல் (குமிழ் இல்லாத வழுவழுப்பான துண்டு), பின்னால நிமிர்ந்த மாதிரி 1x2 பேனல் (மெலிசான சுவர்த் துண்டு), அவ்ளோதான் டாய்லெட். தடுப்புக்கு கதவு வேணும்னு கேட்பான், அதுக்கு கிளிப் வெச்ச பிளேட்டும் கைப்பிடி வெச்ச டைலும் சேர்த்தா திறந்து மூடும். வெள்ளை பீஸ் அந்த செட்ல பத்தலைன்னா சொல்லுங்க, எங்கிட்ட உபரியா ஒரு டப்பா இருக்கு, அனுப்பி விடறேன்.