ஜென் கார் சிக்னலில் குலுங்கி ஆஃப் ஆகிறது, அவசரம்

நெல்லைஜென்
வணக்கம். ஜென் வைத்திருக்கிறேன். சிக்னலில் நின்றால் வண்டி குலுங்குகிறது, ஸ்டீயரிங் வரை அதிர்வு. சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை, பிக்கப் நன்றாக இருக்கிறது. மெக்கானிக் சர்வீஸ் செய்து ட்யூனிங்கும் வைத்துக் கொடுத்தார். அவர் பட்டறையில் அருமையாக நிற்கிறது, வண்ணார்பேட்டை சிக்னலுக்கு வந்தால் பழைய கதை. இந்த வாரம் குடும்பத்தோடு குற்றாலம் போக வேண்டும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

போனட் திறப்பவன்
எந்த வருட வண்டி? பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரா, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐயா? ஜென்னில் பெஜோ எஞ்சின் போட்ட டீசல்கூட வந்தது. இது தெரியாமல் யார் எதைச் சொன்னாலும் ஜோசியம்தான்.

சேலத்து சாரதி
காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே குலுங்குகிறதா, எஞ்சின் சூடான பிறகா? ஏசி போட்டால் மட்டுமா? சர்வீஸ் என்றால் என்னென்ன செய்தார்? ஆயில் மாற்றுவதும் சர்வீஸ்தான், கார்ப் கழற்றிக் கழுவுவதும் சர்வீஸ்தான்.

ரப்பர் துண்டு
எஞ்சின் மவுண்டிங் பாருங்கள். பழைய ஜென்னில் ரப்பர் கல்லாகியிருக்கும். ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, அதிரும், ரேஸ் கொடுத்தால் அடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் இருந்தது. மவுண்டிங் மாற்றியதும் போயே போச்சு.

சேலத்து சாரதி
மவுண்டிங் போனால் வண்டி அதிரும், சரி. ஆஃப் ஆகுமா?

கார்ப் குரு
இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஸ்லோவில் மட்டும் மிஸ்ஸிங், ஓடும்போது சரி என்றால், கார்பில் ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. ரேஸ் கொடுத்ததும் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் வந்துவிடும், அதனால்தான் பிக்கப்பில் குறை தெரியாது. இது பால பாடம். கார்பை முழுதாகக் கழற்றி கார்ப் கிளீனரில் ஊறவைத்து, ஜெட்டில் காற்று அடிக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். உங்கள் மெக்கானிக் மேலே மட்டும் ஸ்ப்ரே அடித்துவிட்டு ‘ட்யூனிங்’ என்று சொல்லியிருப்பார்.

பங்க் பக்கம்
எல்லாரும் எஞ்சினையே பிடித்துத் தொங்குகிறீர்கள். குற்றவாளி பெட்ரோல். இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்த பிறகு பழைய கார்ப் வண்டி எதுவும் ஒழுங்காக ஸ்லோவில் நிற்பதில்லை. டேங்கைக் காலி செய்துவிட்டு எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் போட்டுப் பாருங்கள்.

நெல்லைஜென்
1998 மாடல். கார்ப், பெட்ரோல். ஏசி இருக்கிறது, கேஸ் இல்லாததால் போடுவதில்லை. பிளக் நான்கும் புதுசு, கார்பைக் கழற்றித்தான் கழுவினார், கண்ணால் பார்த்தேன். காலையில் ஸ்டார்ட் செய்து வீட்டு வாசலில் விட்டால் அமைதியாக நிற்கிறது. டவுனுக்குள் போனால்தான் தகராறு. மவுண்டிங் பார்க்கவில்லை.

போனட் திறப்பவன்
குளிர்ந்த நிலையில் சரி, சூடானதும் தகராறு என்றால் இரண்டு இடம். ஒன்று, சோக் முழுதாகத் திரும்பாமல் பெட்ரோல் அதிகமாகப் போவது. சைலன்சர் வாயில் கரிப்புகை படிந்திருக்கும், பிளக் முனையும் கறுத்திருக்கும். இரண்டு, கார்புக்கும், கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள பேஸ் கேஸ்கெட். கார்பைக் கழற்றி மாட்டியபோது பழைய கேஸ்கெட்டையே போட்டிருந்தால் அங்கே காற்று இழுக்கும். ஸ்லோவில் ஓடவிட்டு, அந்த இடுக்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே இழுபட்டு எஞ்சின் சத்தம் மாறினால் அதுதான். சிலர் பெட்ரோலே அடிப்பார்கள், சூடான எஞ்சினில் அந்த வேலை வேண்டாம்.

சேலத்து சாரதி
இன்னொன்று. இரவில் இருட்டான இடத்தில் வண்டியை ஓடவிட்டு போனட்டைத் திறங்கள். பிளக்குக்குப் போகும் ஹை டென்ஷன் வயரில் கசிவு இருந்தால் நீலப் பொறி தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்ளே முடிபோல மெல்லிய கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை
@பங்க் பக்கம்: எத்தனாலில் ஒரு லிட்டருக்கான சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதம் கலந்தால் மொத்தச் சக்தி ஆறேழு சதவீதம் குறையும், அதுவும் கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால். ஏற்கெனவே பத்து சதவீதம் கலந்ததைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். மைலேஜ் கொஞ்சம் இறங்கும். சிக்னலில் மட்டும் தேடிவந்து ஆஃப் செய்யாது.

பங்க் பக்கம்
மைலேஜைப் பற்றி யார் பேசினார்கள்? எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. அதனால் கலவை லீன் ஆகும், காற்றுக்குப் பெட்ரோல் போதாது. எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சார் பார்த்து ஈடுகட்டும். கார்பில் சென்சார் ஏது? ஜெட் அளவு 1998-இல் வைத்ததுதான். போதாததற்கு எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் ஓஸை ஊதவைக்கும், டேங்கில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக் கொண்டுவந்து கார்பில் சேர்க்கும். கணக்குப் போடுகிறவர் ஃபியூயல் ஃபில்டரையும் ஒருமுறை வெட்டிப் பார்க்கட்டும்.

கணக்குப்பிள்ளை
லீன் ஆவது உண்மை, ரப்பர் விஷயமும் உண்மை. ஆனால் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பினால் ஸ்லோவில் சரிசெய்துவிடலாம், அதைத்தான் ட்யூனிங் என்கிறோம். அவர் வண்டி வீட்டு வாசலில் அதே பெட்ரோலில் ஒழுங்காக நிற்கிறதே, அதற்கு என்ன பதில்?

ரப்பர் துண்டு
இ20-க்கு 2030 என்று வைத்திருந்த இலக்கை 2025-க்கு இழுத்ததுதான் வினை. பழைய வண்டிக்காரன் என்ன செய்வான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கரும்புக்காடு
எத்தனாலால் கரும்பு விவசாயிக்கு நாலு காசு வந்தால் உங்களுக்குப் பொறுக்காதே.

போனட் திறப்பவன்
இதற்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

பழைய டிப்போ
தம்பி, சிக்னலில் நிற்கும்போது உங்கள் வலது கால் எங்கே இருக்கிறது? பிரேக்கிலா, தரையிலா? பட்டறையில் மெக்கானிக் ட்யூனிங் வைக்கும்போது பிரேக்கை யாராவது மிதித்துக்கொண்டிருந்தார்களா?

கார்ப் குரு
கேள்வி சுவாரசியம். ஆனால் பிரேக்குக்கும் கார்புக்கும் முடிச்சுப் போட வேண்டாம். பிரேக் மிதித்தால் பிரேக் லைட் எரியும், பேட்டரிக்கு லோடு ஏறும், ஸ்லோ இறங்கும். அப்படியென்றால் ஆல்டர்நேட்டரைச் சோதிக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை
பிரேக் லைட் பல்பு ஒன்று 21 வாட். இரண்டும் சேர்த்து 42. ஹெட்லைட் பல்பு ஒன்றே 55, 60 வாட் இழுக்கும். இரவில் ஹெட்லைட் போட்டு நிற்கும் வண்டி பிரேக் லைட்டுக்கு அணைந்துவிடுமா குருவே?

கார்ப் குரு
பழைய வயரிங்கில் எர்த் சரியில்லை என்றால் எதுவும் நடக்கும். அனுபவம் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நெல்லைஜென்
அண்ணாச்சி, சிக்னலில் பிரேக்கில்தான் கால் வைத்திருப்பேன். இப்போது வாசலில் நிறுத்திப் பார்த்தேன். காலை எடுத்தால் ஸ்லோ ஒழுங்காக நிற்கிறது. பிரேக்கை அழுத்திப் பிடித்தால் குலுங்க ஆரம்பிக்கிறது. விட்டால் சரியாகிவிடுகிறது. கார்பில்தான் கோளாறா?

பழைய டிப்போ
கார்பை விடுங்கள், பிரேக் பூஸ்டரைப் பாருங்கள். போனட்டுக்குள் டிரைவர் பக்கம், சுவரோடு ஒட்டி உருண்டையாகக் கறுப்புத் தகர டப்பா இருக்கும், அதன் முன்னால் பிரேக் ஆயில் டப்பா. அந்த உருண்டைக்கும் மேனிஃபோல்டுக்கும் ஒரு தடித்த ரப்பர் ஓஸ் போகும். எஞ்சின் இழுக்கும் வேக்குவத்தை வைத்துத்தான் உங்கள் காலுக்குப் பலம் சேர்க்கிறது.

உள்ளே டயஃப்ரம் என்று ஒரு ரப்பர் தகடு இரண்டு அறையைப் பிரிக்கிறது. கால் எடுத்திருக்கும்போது இரண்டு அறையிலும் வேக்குவம் சமம், கிழிந்திருந்தாலும் தெரியாது. மிதித்ததும் பின்னறைக்குள் வெளிக்காற்று வரும். டயஃப்ரம் நன்றாக இருந்தால் அந்தக் காற்று அங்கேயே நின்று தகட்டைத் தள்ளும். கிழிந்திருந்தால் முன்னறை வழியாக ஓஸுக்குள் போய் மேனிஃபோல்டில் சேரும். கார்ப் அளந்து கொடுத்த கலவையில் கணக்கில்லாத காற்று கலந்தால் ஸ்லோ எப்படி நிற்கும்? ரேஸில் போகும்போது எஞ்சின் இழுக்கும் காற்றே அதிகம், இந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது.

மூன்று சோதனை செய்யுங்கள்.

எஞ்சினை ஆஃப் செய்து, பெடல் கட்டியாகும்வரை பிரேக்கை மிதியுங்கள். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல பூஸ்டர் என்றால் பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் நிற்கவில்லை.

அப்புறம், ஸ்லோவில் விட்டு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலுக்கு மேலே காதைக் கொடுங்கள். மிதித்த நொடியில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வந்து அடங்குவது இயல்பு. பிடித்திருக்கும்வரை தொடர்ந்து வந்தால் கிழிசல்.

கடைசியாக, ஒருவர் பிரேக்கைப் பிடித்திருக்க, இன்னொருவர் அந்த ஓஸைத் துணி சுற்றிய பிளையரால் நெரிக்கட்டும். குலுக்கல் நின்றால் சந்தேகமே வேண்டாம். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்க வேண்டும். ஓஸை நெரித்த நிலையில் ஓட்டக் கூடாது, பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிடும்.

டயஃப்ரம் கிழிசல் பெரிதாகிக்கொண்டேதான் போகும். குற்றாலத்துக்கு பஸ்ஸில் போங்கள்.

சேலத்து சாரதி
ஓஸின் நடுவில் ஒரு ஒன்வே வால்வு இருக்கும். அதையும் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். ஓஸ் நுனியில் கிளிப் போடும் இடத்தில்தான் வெடிப்பு விடும்.

பழைய டிப்போ
சரிதான். ஆனால் ஓஸ் வெடித்திருந்தால் கால் எடுத்தாலும் குலுங்கும். இவருக்கு மிதித்தால் மட்டும்தான்.

கார்ப் குரு
வேக்குவம் லீக் என்று இங்கே முதலிலேயே சொல்லியாகிவிட்டது. பேஸ் கேஸ்கெட்டும் வேக்குவம் லீக்தான்.

போனட் திறப்பவன்
அதைச் சொன்னது நான். நீங்கள் சொன்னது ஸ்லோ ஜெட்.

பங்க் பக்கம்
டயஃப்ரமும் ரப்பர்தானே. எத்தனால் ஆவி மேனிஃபோல்டிலிருந்து ஓஸ் வழியாக ஏறி அதை அரிக்காது என்று யார் சொன்னார்கள்?

கணக்குப்பிள்ளை
அந்த ஓஸில் ஒன்வே வால்வு இருப்பதே மேனிஃபோல்டிலிருந்து எதுவும் பூஸ்டர் பக்கம் திரும்பி வராமல் இருக்கத்தான். தவிர, அந்த ரப்பருக்கு இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. கிழிய அதற்கு எத்தனால் தேவையில்லை.

நெல்லைஜென்
பூஸ்டர்தான். ஓஸை நெரித்ததும் குலுக்கல் நின்றுவிட்டது. மாற்றியாகிவிட்டது, இப்போது பிரேக் பிடித்து நின்றாலும் சத்தமே இல்லை. ஏர் ஸ்க்ரூவைத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கிறேன். நன்றி அண்ணாச்சி. கிளம்புகிறேன்.

ரப்பர் துண்டு
வாழ்த்துகள். எவ்வளவு ஆயிற்று? புதுசா, பழசா? எங்கே கிடைத்தது? நான் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

சேலத்து சாரதி
சென்னை பக்கம் என்றால் புதுப்பேட்டையில் கழற்றிய பூஸ்டர் கிடைக்கும், புதுசு வேண்டுமென்றால் ஜிபி ரோடு. பழசு வாங்கும்போது, பெடல் பக்கத் தண்டை ஒருவர் உள்ளே அழுத்திப் பிடித்திருக்க, ஓஸ் மாட்டும் குழாயில் வாய் வைத்து இழுத்து, நாக்கால் அடைத்துப் பாருங்கள். காற்று பிடித்து நின்றால் உள்ளே கிழியவில்லை. அதற்கு முன் குழாயைத் துடைத்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் வாயில் படக் கூடாது. விலை பேசுவது அதற்குப் பிறகு.

பழைய டிப்போ
தம்பி நெல்லைஜென், ஒன்று கேட்க வேண்டும். பழைய பூஸ்டரைக் கழற்றியபோது உள்ளே பிரேக் ஆயில் ஈரம் இருந்ததா? டப்பாவில் ஆயில் குறைந்து, வெளியே எங்கும் ஒழுகல் தெரியவில்லை என்றால், டப்பாவுக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாக பூஸ்டருக்குள் இறங்கியிருக்கும். அந்த ஆயில்தான் டயஃப்ரம் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்திருக்கும். அந்த சீலை மாற்றாமல் பூஸ்டரை மட்டும் போட்டிருந்தால் இதுவும் அதே வழியில் போகும். மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி முன்னால் நகர்த்தி, பின்பக்கம் விரல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பங்க் பக்கம்
@கணக்குப்பிள்ளை: ஒன்வே வால்வு ஆவியை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் கொடுங்கள்.

பழைய டிப்போ
நெல்லைஜென் தம்பி, பார்த்தீர்களா? ஈரம் இருந்தால் குற்றாலம் கிளம்பும் முன் சொல்லுங்கள்.

ரப்பர் துண்டு
அவர் கடைசியாக வந்து இரண்டு நாள் ஆகிறது ஐயா. என் வண்டியில் டப்பா ஆயில் குறைகிறது, வெளியே ஒழுகல் இல்லை. எந்த நட்டு என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

பழைய டிப்போ
என்ன வண்டி? எந்த வருடம்?