ரேங்க் 95, ஆனாலும் தகுதிச் சுற்று ஏன்?

டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட் ஸ்லாம் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்வி வரும். உலகத் தரவரிசையில் 95-ல் இருப்பவர் தகுதிச் சுற்று ஆடுகிறார், 110-ல் இருப்பவர் நேரடியாக உள்ளே இருக்கிறார், பட்டியலில் பிழையா? பிழை இல்லை. போட்டி தொடங்கும் திங்களுக்கு ஆறு வாரம் முன்பே நுழைவுப் பட்டியல் மூடிவிடும். அன்றைய ரேங்க்தான் கணக்கு. மூடிய பிறகு ஒருவர் அடுத்தடுத்து இரண்டு சேலஞ்சர் (இரண்டாம் நிலைப் போட்டி) ஜெயித்து மேலே வந்தாலும் கதவு திறக்காது.

ஸ்லாம் ஒற்றையரில் 128 இடம். நேரடி நுழைவு 104, தகுதிச் சுற்றிலிருந்து 16, வைல்டு கார்டு (அமைப்பாளர்கள் தாங்களே கொடுக்கும் இடம்) 8. சீடிங் (முன்னணி ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலேயே மோதாதபடி வரிசை எண் கொடுப்பது) மட்டும் வேறு: டிரா (யார் யாரோடு ஆடுவது என்ற குலுக்கல்) போடுவதற்குச் சற்று முன் வந்த புதிய தரவரிசையை எடுப்பார்கள். ஆக, உள்ளே விடுவது பழைய ரேங்க், சீட் கொடுப்பது புது ரேங்க். விம்பிள்டன் ஆண்களுக்கு மட்டும் புல்தரை ஆட்டத்துக்குத் தனி மதிப்புக் கொடுத்துச் சீட் போட்டுவந்தது. 2021-லிருந்து அதுவும் இல்லை.

*

ரேங்க்கைத் தீர்மானிக்கும் புள்ளிக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு ஆயுள் 52 வாரம். போன வருடம் ஒரு 250 போட்டியை (ஜெயித்தால் 250 புள்ளி) ஜெயித்தவர் இந்த வருடம் அதே வாரத்தில் அரையிறுதியில் தோற்றால், 250 கழிந்து 100 சேரும். அந்த வாரம் நன்றாகத்தான் ஆடினார், ஆனாலும் 150 புள்ளி நஷ்டம். டிவியில் 'பாயிண்ட் டிஃபெண்ட் பண்ணுகிறார்' என்பது இதைத்தான்.

எதிர்த்திசையில் பார்க்க வேண்டுமானால் 2021 யு.எஸ். ஓபன். எம்மா ரடுகானு ரேங்க் 150, தகுதிச் சுற்று மூன்று, பிரதான சுற்று ஏழு, பத்து ஆட்டத்திலும் ஒரு செட்கூட விடவில்லை. அடுத்த திங்களன்று ரேங்க் 23. காப்பாற்ற வேண்டிய பழைய புள்ளி பெரிதாக இல்லாதவருக்கு வருவதெல்லாம் லாபம்.

*

காயத்திலிருந்து திரும்புகிறவர்களையும் விட்டுவிடக் கூடாது. ஏடிபியில் (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) குறைந்தது ஆறு மாதம் ஆடாதவர் காப்பு ரேங்க் கேட்கலாம். காயம்பட்ட முதல் மூன்று மாதத்தின் சராசரி ரேங்க் அது. ஓய்வு ஒரு வருடத்துக்குக் குறைவென்றால் ஒன்பது போட்டி அல்லது ஒன்பது மாதம் வரை அது செல்லும். அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு போட்டி அல்லது பன்னிரண்டு மாதம். எது முன்னால் முடிகிறதோ அது. நுழைவுக்கு மட்டும்தான், சீடிங்குக்குச் செல்லாது. பலர் சொதப்புவது இங்கேதான்: சின்னப் போட்டிகளில் அதைச் செலவழித்துவிட்டு ஸ்லாம் வரும்போது கையைப் பிசைவார்கள்.

*

லக்கி லூசர், அதாவது தகுதிச் சுற்றில் தோற்றும் உள்ளே வருபவர் பற்றி. தகுதிச் சுற்று தொடங்கும் முன் யாராவது விலகினால் பட்டியலில் அடுத்தவர் உள்ளே வருவார். தொடங்கிய பின் விலகினால், தகுதியின் கடைசிச் சுற்றில் தோற்றவருக்கு அந்த இடம். ஸ்லாமில் அவர்களில் ரேங்க் மேலே உள்ளவர்களைக் குலுக்கிப் போட்டு வரிசை எடுப்பார்கள். தோற்றாலும் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவன் உயிரைக் கொடுத்து ஆடுவான்?

2018-லிருந்து, காயத்தோடு வந்தவர் களமிறங்காமல் விலகினாலும் முதல் சுற்றுப் பரிசில் பாதி அவருக்கு உண்டு. அந்த வருட பிரெஞ்சு ஓபன் ஆண்கள் பிரிவில் எட்டு லக்கி லூசர்கள். ஆஸ்திரேலியாவின் நிக் கிர்கியோஸ் விலகிய இடம் இந்தியாவின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனுக்குக் கிடைத்திருக்க வேண்டியது; அவர் அதற்குள் இத்தாலியில் ஒரு சேலஞ்சருக்குப் போய்விட்டார். அடுத்த பெயர் அர்ஜென்டினாவின் மார்கோ டிருஞ்செலிட்டி. பார்சிலோனாவிலிருந்து பாட்டியையும் ஏற்றிக்கொண்டு காரில் பாரிஸ் போய், மறுநாள் காலையே முதல் சுற்றில் பெர்னார்ட் டோமிக்கைத் தோற்கடித்தார். 79,000 யூரோ பரிசு உறுதியானது.

*

கீழ்மட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் ஆண்களுக்கான எம்15 போட்டி ஜெயித்தால் 15 புள்ளி, எம்25-க்கு 25. ஐபின் எண் (ஐடிஎஃப் கொடுக்கும் ஆட்டக்காரர் பதிவு எண்) இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்கக் கெடு போட்டி வாரத்துக்கு 18 நாள் முந்தைய வியாழன். அபராதமின்றி விலக 13 நாள் முந்தைய செவ்வாய். இரண்டுமே கிரீன்விச் நேரப்படி பிற்பகல் 2 மணி. உள்ளூர் நேரம் என்று நினைத்துக் கோட்டைவிட்டவர்கள் நிறைய.