0.53 டெராஹெர்ட்ஸில் ஒத்ததிர்வே வரவில்லை, அவசரம்

பாதிஅலை:
பிளாஸ்மா (எலக்ட்ரான்கள் பிரிந்து திரியும் வாயு) அடுக்கு வழியாக டெராஹெர்ட்ஸ் அலை எவ்வளவு கடக்கிறது என்று பைத்தானில் கணக்குப் போடுகிறேன். காந்தப்புலம் 3 டெஸ்லா. 0.53 டெராஹெர்ட்ஸில் சைக்ளோட்ரான் ஒத்ததிர்வு, அதாவது காந்தப்புலத்தில் எலக்ட்ரான் சுழலும் அதிர்வெண்ணோடு அலை ஒத்துப்போவது, தெரியவேண்டும். 0.2 முதல் 1 வரை ஓட்டினால் வளைகோடு தட்டையாகப் போகிறது, பள்ளமே இல்லை. நாளைக் காலை கைடிடம் காட்டவேண்டும். எங்கே தப்பு?

கம்பிச்சுருள்:
எலக்ட்ரான் அடர்த்தி? புலம் அலை போகும் திசையிலா, குறுக்கிலா? போலரைசேஷன் (அலையின் மின்புலம் ஆடும் விதம்) நேரா, வட்டமா?

மோதல்கட்சி:
மோதல் அதிர்வெண்தான், அதாவது எலக்ட்ரான் விநாடிக்கு எத்தனை முறை மோதுகிறது என்பது. அதிகமாக வைத்தால் பள்ளம் கரைந்துவிடும். இதே மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பாதிஅலை:
அடர்த்தி 10¹⁴. புலம் அலையின் திசையில். வட்டம், எலக்ட்ரான் சுழலும் அதே பக்கம். மோதல் விநாடிக்கு 10⁹, குறைவுதான் சார்.

கம்பிச்சுருள்:
10¹⁴ கன சென்டிமீட்டருக்கா, கன மீட்டருக்கா? மீட்டர் என்றால் பிளாஸ்மா அதிர்வெண் (எலக்ட்ரான் கூட்டம் தானாக ஆடும் அதிர்வெண்) 0.09 ஜிகாஹெர்ட்ஸ்தான். உங்கள் அலைக்கு அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி.

பாதிஅலை:
சென்டிமீட்டர்.

பழையபேராசான்:
தம்பி, காந்தப்புலத்தில் இருக்கும் பிளாஸ்மாவின் ஒளிவிலகல் எண்ணைத் தரும் ஆப்பிள்டன்-ஹார்ட்ரீ சமன்பாட்டைப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. முதலில் நிரல், அப்புறம் இயற்பியல் என்று ஆகிவிட்டது.

கம்பிச்சுருள்:
படித்தவர் விடையையும் சொல்லலாமே ஐயா. பாதிஅலை, 3 டெஸ்லாவுக்கு 5.3 × 10¹¹ வந்திருக்குமே? அது விநாடிக்கு ரேடியன், ஹெர்ட்ஸ் அல்ல. 2 பையால் வகுங்கள். டெஸ்லாவுக்கு 28 ஜிகாஹெர்ட்ஸ், ஆகவே 84. நீங்கள் 200க்கு (0.2 டெராஹெர்ட்ஸ்) மேல்தான் தேடுகிறீர்கள். 0.53 டெராஹெர்ட்ஸில்தான் வேண்டுமென்றால் 19 டெஸ்லா ஆகும்.

குளிர்ந்தபடிகம்:
19 டெஸ்லா எதற்கு? இண்டியம் ஆன்டிமோனைடு எடுங்கள். அதில் எலக்ட்ரானின் பயனுறு நிறை (படிகத்துக்குள் அது காட்டும் நிறை) வெளியே இருப்பதில் 0.014 மடங்குதான். கால் டெஸ்லாவிலேயே 0.5 டெராஹெர்ட்ஸ் வந்துவிடும்.

பழையபேராசான்:
அது குறைகடத்தி. பிளாஸ்மா என்றால் வாயு.

குளிர்ந்தபடிகம்:
எலக்ட்ரான் கூட்டம் அதே சமன்பாட்டுக்குத்தானே ஆடுகிறது? நிறையை மாற்றி, பின்னணி மின்காப்பு மாறிலியைச் சேர்த்தால் போதும்.

பழையபேராசான்:
அறை வெப்பநிலையில் அதில் எலக்ட்ரான் கொட்டிக்கிடக்கும். குளிர்விக்காமல் 0.5 டெராஹெர்ட்ஸில் என்ன பார்ப்பீர்கள்?

குளிர்ந்தபடிகம்:
குளிர்விக்கத்தான் வேண்டும், பெயரிலேயே போட்டிருக்கிறேன். அதனால் அது பிளாஸ்மா இல்லை என்று ஆகிவிடுமா?

பாதிஅலை:
50 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து ஓட்டினேன். 84இல் விழுகிறது, ஆனால் 140 வரை எழவே இல்லை. இது பிழையா?

கம்பிச்சுருள்:
இல்லை, அப்படித்தான் வரவேண்டும். உங்கள் பிளாஸ்மா அதிர்வெண் 90. அதை வைத்துப் பார்த்தால் 84க்கும் 141க்கும் நடுவே ஒளிவிலகல் எண்ணின் வர்க்கம் எதிர்க்குறி. 84ஐ ஒட்டி உறிஞ்சப்படும், அதற்கு மேலே அடுக்கு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். எதிர்ப்பக்கம் சுழலும் அலையைப் போட்டுப் பாருங்கள். அதற்கு ஒத்ததிர்வு கிடையாது, 57க்கு மேல் கடந்துவிடும். அடுக்கின் தடிமன் எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை.

பாதிஅலை:
57 சரியாக வந்தது. நன்றி சார்.

மோதல்கட்சி:
மோதலை 10¹² ஆக்கிப் பாருங்கள், நான் சொன்னது தெரியும்.

கம்பிச்சுருள்:
தடிமன்?